காலி என்றொரு கோப்புறை

மொத்தம் பதினேழு கேமராக்கள்.
முதலாவது பிலிகுண்டில்,
நீர்மருது வேரில் கட்டி, மணல்திட்டைப் பார்த்தபடி.
கடைசி குத்திராயன் மலையில்,
மேகம் கண்ணாடியை நனைத்துவிட்டுத்
துடைக்காமல் போகிற இடத்தில்.
நடுவில் ஊஞ்சை, உசிலை, மூங்கில்,
ஆள் மறையும் உண்ணிப்புதர்.

நீர்மருது ஓடை வழியே கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்து
நின்றுவிடும்.
அந்த இடத்தோடு சாம்பல் அணிலும் நின்றுவிடும்.
அதற்கு மேலே பாறை, பாறைக்கு மேலே
மஞ்சள் தொண்டைச் சின்னான்.
யாரும் யாருக்கும் எல்லைக்கல் நடவில்லை.

கெம்பராஜு மாதம் ஒருமுறை கார்டுகளைக் கழற்றித்
தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவருவார்.
குலுக்கினால் சத்தம் வரும்,
ஆறும் மலையும் அதற்குள்.

என் வேலை தேன்கனிக்கோட்டையில்,
மருந்துக்கடை மாடியில்.
படம் பார்த்துப் பிரிப்பது. ஐந்து கோப்புறை:
விலங்கு. பறவை. ஆடுமாடு. மனிதர். காலி.
ஒரு படம், ஒரு கோப்புறை.
இரண்டில் போட மென்பொருள் விடாது.

முதல் மாதம் காலியில் மட்டும்
ஒன்பதாயிரத்துச் சொச்சம்.
புல் அசைந்தால் படம்.
வெயில் நகர்ந்தால் படம்.
ஒன்றும் நடக்கவில்லை என்பதற்கு
இத்தனை சாட்சி எந்தக் கோர்ட்டிலும் இராது.

பிலிகுண்டில் நொடிக்கு எத்தனை கனஅடி என்று
தினமும் செய்தியில் சொல்கிறார்கள்.
எத்தனை நீர்நாய் என்று சொல்வதில்லை.
நான்கு.
விடியற்காலை ஐந்து பன்னிரண்டு.
ஒன்று கெண்டையைத் தலையிலிருந்து தின்கிறது,
மற்ற மூன்றும் அதன் வாயையே பார்த்துக்கொண்டு
பந்தியில் இடம் பிடிக்க நிற்பவர்கள் மாதிரி.

ஆறாம் கேமராவில் கழுதைப்புலி,
எப்போதும் பின்பக்கம் மட்டும்.
முகம் எனக்கு இன்னும் தெரியாது.

பதினோராவதை ஒரு யானை திருப்பிவிட்டுப் போனது.
பிறகு மூன்று வாரம் வானம்.
வானத்துக்குக் கோப்புறை இல்லை.
காலியில் போட்டேன், கை கூசியது.

ஒன்பதாம் கேமரா.
இரவு இரண்டு நாற்பது.
மூங்கில் கழியில் போர்வை கட்டி நான்கு பேர்,
முன்னால் ஒருவன் டார்ச்.
போர்வைக்கு வெளியே ஒரு கை,
கழியை இறுகப் பிடித்து.
ஆறு படங்கள்.
ஆறாவதில் இடது ஓரம் கடைசி ஆளின் குதிகால்,
வலது ஓரம், புதருக்குள்,
இரண்டு பச்சைப் புள்ளிகள்.

இரண்டு ஐம்பத்தொன்றுக்குச் சிறுத்தை வந்தது.
அவர்கள் மிதித்த மண்ணை முகர்ந்தது.
கீழே இறங்காமல்
மேலே, அவர்கள் வந்த பக்கம் போனது.

பன்னிரண்டு நாள் கழித்து, பட்டப்பகல்,
அதே தடத்தில் ஏறிப் போகிறாள் ஒருத்தி.
கையில் துணிமூட்டை.
மூட்டைக்கு வெளியே ஒரு பாதம்,
என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

கெம்பராஜு திரையில் குனிந்தார்.
"சிக்கதொட்டி மாதியோட மருமக" என்றார்.
பிறகு தீப்பெட்டியைத் தேடினார்,
அது அவர் கையிலேயே இருந்தது.

மனிதர் கோப்புறை மாதக் கடைசியில்
ரேஞ்ச் ஆபீசுக்குப் போகும்.
போன முறை போனபோது
கடுக்காய் பொறுக்கிய மூன்று பேருக்கு நோட்டீஸ் வந்தது.
அந்தக் காடு சரணாலயம்.
சரணம் என்ற சொல்லை நான்
அன்றுதான் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

சிறுத்தையை விலங்கில் போட்டேன்.
நாள், நேரம், திசை, எல்லாம் சரியாக.
புள்ளிவிவரத்துக்கு நான் துரோகம் செய்கிறவள் அல்ல,
அல்லது
அன்று காலைவரை அல்ல.

ஆண்டறிக்கையில் ஒரு வரி:
ஒன்பதாம் கேமரா, காலி, ஆயிரத்து இருநூற்று நான்கு.
நம்பர் சரிதானே என்று கேட்டார்கள்.
சரி என்றேன்.

ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்றேழு முறை
புல் அசைந்திருக்கிறது.